நாலாம் பக்கத்துக் கையெழுத்து

தாள்களை இடப்பக்க மேல் மூலையில்தான் பிணைக்க வேண்டும். வேறெங்கு பிணைத்தாலும் கோப்பில் சேர்க்கும்போது கிழியும். நீதிமன்றப் பதிவகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அய்யாவு சிரிக்கவில்லை. அதனால்தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

வழக்கறிஞர் ஷர்மினி, அய்யாவுக்காக இப்போது நீங்கள் வழக்கை எடுத்திருக்கிறீர்கள், நடந்ததை எழுதித் தரும்படி கேட்டீர்கள். தருகிறேன்.

ஜொகூர் மாநிலத்து மாசாயில் என் அடுத்த வீட்டுக்காரர் அய்யாவு. சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு ஆறாம் வகுப்பு. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடப்பார். அவருடைய மைத்துனன் செல்வா, இவர் பெயரில் ஒரு லோரி கம்பெனியைப் பதிந்து நடத்தினான். பிறகு அதை மூடிவிட்டுக் காணாமல் போனான். அந்த வருமானத்துக்கெல்லாம் வரி கட்டச் சொல்லி அய்யாவுக்குக் கடிதம் வந்தது. மறுத்து மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம். வக்கீல் வைக்க வசதியில்லை, தானே வாதாடப் போவதாகச் சொன்னார். தானே வாதாடுகிறவர்களுக்கும் விதிகள் அதேதான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் என் வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். எத்தனை நகல் வேண்டும், எந்தெந்தப் பக்கத்தில் கையெழுத்து, காரணங்களுக்கு எப்படி எண் போடுவது, மனக்குறையை ஏன் எழுதக் கூடாது எல்லாம் சொன்னேன். முத்திரை குத்திய நகலை வாங்காமல் கவுண்டரை விட்டு நகரக் கூடாது என்பதை முதல் நாளே சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். மலாயில் அவரே எழுதினார். நல்ல மேல்முறையீடு. வென்றிருக்கும்.

இருபத்து நான்காம் நாள் கோயிலில் அன்னதானம். வரிசையில் அய்யாவு எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் தெரு விஜயனிடம் சொன்னார்:

"வக்கீல் எதுக்குலா? ரூல்ஸ படிச்சா போதும். நானே எழுதிட்டேன். சும்மா ஃபாரம்தான், பெரிய வேலை ஒன்னும் இல்ல."

என்னைக் குறைத்துப் பேசும் எண்ணம் அவருக்கு இல்லை. சந்தோஷத்தில் சொன்னார், எனக்கும் அது தெரியும். நான் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்தேன், வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாலை உறையோடு வந்தார். கவுண்டர் திறந்திருக்கும் நேரத்தில் அவருக்கு லீவு கிடைக்கவில்லையாம். "நீங்க கொண்டு போனா மதிப்பாங்க சார்" என்றார்.

மறுநாள் பஸ் பிடித்து ஜொகூர் பாரு வரி அலுவலகத்துக்குப் போனேன். வரிசைச் சீட்டு எடுத்தேன், நாற்பத்து மூன்று. அந்த எண்ணை இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து நான்கைக் கூப்பிட்டதும் ஒரு சீனப் பெண் எழுந்து போனார். வெளியே வந்து ஒரு தே தாரேக் டீ குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "குடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"போயிட்டு வந்திட்டன்" என்றேன். அது உண்மை.

முத்திரை குத்திய நகலை அவர் கேட்கவில்லை. முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம். மீதி ஐந்து நாளும் அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அன்றே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். முப்பதாம் நாள் அலுவலகம் மூடும் நேரம் வரை நான் எங்கேயும் போகவில்லை.

நாலு மாதம் கழித்துப் பாலத்துக் குடிநுழைவுச் சோதனையில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். வரி பாக்கி இருப்பதால் நாட்டைவிட்டு வெளியேறத் தடை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் வாசலுக்கு வந்தார். விசாரித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்து, நாலாம் பக்கத்தில் கையெழுத்து இல்லாததால் வரி அலுவலகம் ஏற்கவில்லை என்று சொன்னேன். நான் சொன்ன ஒரே பொய் அது. நாலாம் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தது. தேதியும் இருந்தது.

"நாலாம் பக்கமா சார்?"

"ஓம். நாலாம் பக்கம்."

நினைவுபடுத்திப் பார்த்தார். அப்படிப்பட்ட விஷயம் யாருக்கும் நினைவில் நிற்காது.

காலம் கடந்த மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கலாம், தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். 'எனது சொந்தக் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. அய்யாவு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார், பிறகு முதலிலிருந்து ஒருமுறை சரிபார்த்தார். பத்து நாளில் நிராகரித்துக் கடிதம் வந்தது.

சிங்கப்பூர் வேலை போயிற்று. வீடு ஏலத்துக்குப் போயிற்று. மகள் லோஷினி கல்லூரியை இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டுப் பேரங்காடியில் கல்லாவுக்குப் போனாள். மனைவி சந்திரமதி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பெண்களுக்குச் சில விஷயம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. அய்யாவு இப்போது சாஆவில் தங்கை வீட்டில் இருந்துகொண்டு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார்.

அவர் கொடுத்த உறையை, பிரிக்காமல், இத்துடன் உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

சாமான்களை லோரியில் ஏற்றிய நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க சார்."

எனக்கு வருத்தம் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் அவரை மன்னித்துவிட்டேன்.