ஓரத்துக் கிண்ணம்

ஜவுளிக்கடைக்காரன் குரலை உயர்த்தினால் வாடிக்கை போய்விடும், பாஸ்டர். அதனால் எதையும் மெதுவாகச் செய்தே எனக்குப் பழக்கம். கிழிந்த துணியைக்கூட நான் உதறமாட்டேன். மடியில் போட்டு, கிழிசல் எங்கே தொடங்குகிறதென்று விரலால் தேடுவேன்.

சபையில் பாவத்தில் விழுந்தவர்களையும் அப்படித்தான் எடுத்தேன். மற்ற மூப்பர்கள் ஆளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார்கள். நான் வீட்டுக்குப் போவேன். "வெயில் என்ன இப்படி அடிக்குது" என்று ஆரம்பிப்பேன். முந்திக்கொண்டு விலையைச் சொல்கிறவன் வியாபாரியா? பேச்சு முடிவதற்குள் அவர்களே அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

நாளைக்கு அடக்க ஆராதனையில் செத்துப்போன நம் தச்சனைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்கிறீர்கள். பேசுகிறேன். நீங்கள் சபைக்குப் புதிது. யாரைப் பேசச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு சொல்வது நல்லது.

அவன் குடியில் கிடந்தபோது பெற்ற தாயே கதவைச் சாத்தினாள். நான்தான் தூக்கி வந்தேன். வாந்தியைக் கழுவினேன். கை நடுங்கி உளி பிடிக்க முடியாதவனிடம் என் கடைக்கு ஓர் அலமாரி செய்யச் சொன்னேன். ஒரு கதவு கோணலாகிவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி அவன் கதையைச் சொல்வேன். டாக்டர், "இனி ஒரு சொட்டு பட்டாலும் இவரால நிறுத்த முடியாது, உடம்பும் தாங்காது" என்றார். அவனுக்காகவே திருவிருந்தில் மதுவை நிறுத்தி வெறும் திராட்சைச் சாறு ஊற்ற வைத்தேன். மூப்பர்களை மசிய வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

தேறினான். ஒரு ஞாயிறு சபை முன்னால் சாட்சி சொல்ல எழுந்தான். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று.

"என்னைத் தூக்கிவிட்டது கர்த்தர். அப்புறம் என் பொண்டாட்டி. ஒரு நாளும் குத்திக்காட்டல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன தம்பி, சுருக்கமா முடிச்சிட்ட?"

"உங்களப் பத்திச் சொல்லலாம்னுதான் இருந்தேன், அண்ணே. அதான் அந்தக் கதவைக் காட்டி நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களே. எனக்கு என்ன மிச்சம் வெச்சீங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் இழைப்புளியோடு கடைக்கு வந்தான். "வேண்டாம்ப்பா" என்றேன். கேட்கவில்லை. கதவை இழைத்துச் சட்டத்தோடு நூல் பிடித்தாற்போல் சேர்த்துவிட்டுப் போனான். அதற்குப்பின் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. குடிகாரப் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள் என் கடையைத் தாண்டி அவன் பட்டறைக்குப் போனார்கள். துரோகம் என்று பெரிய வார்த்தையெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் ஏறியவன் ஏணியை உதைக்கும்போது ஏணிக்கும் வலிக்கும், பாஸ்டர்.

திருவிருந்துக்கு ஆளுக்கொன்றாகத் தட்டில் வைக்கும் சின்னக் கிண்ணங்களை நிரப்புவது என் ஊழியம். பிறகு வந்த ஒரு திருவிருந்து ஞாயிறு, எல்லாக் கிண்ணத்திலும் சாறு. ஓரத்துக் கிண்ணத்தில் மட்டும் சாராயத்தைக் கலந்தேன். நிறம் மாறவில்லை. சாயம் பார்த்தே பிழைத்த கண் இது. அந்த ஓரம் அவன் பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி நானே நீட்டினேன். லேசாகச் சறுக்கட்டும் என்றுதான். விழுந்தால்தானே தூக்க முடியும்?

நாக்கில் பட்டதுமே தெரிந்துகொண்டான். என்னை நிமிர்ந்து பார்த்தான். துப்பியிருக்கலாம். கர்த்தருடைய பாத்திரத்தில் குடித்ததைத் துப்ப அவனுக்கு மனம் வரவில்லை. விழுங்கினான். அது அவனாக எடுத்த முடிவு.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்குப் போகவில்லையாம். அந்த வாரமே அவன் மனைவி கடை வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. உங்கள விட்டா எங்களுக்கு யாரு?"

போனேன். பழையபடி கழுவினேன், துடைத்தேன். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இந்தத் தடவை அவன் உடம்புதான் ஒத்துழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "முதல்ல யாருங்க உங்களுக்கு ஊத்திக் குடுத்தது? பேரை மட்டும் சொல்லுங்க."

நான் பஞ்சை நனைத்து அவன் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தான், திருவிருந்தில் பார்த்த அதே பார்வை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சபை முழுக்கக் கேட்கச் சொல்லவேண்டிய நாளில் சொல்லாத என் பேரை அங்கேயும் அவன் சொல்லவில்லை. முன்பு சொல்லாதது நன்றிகேடு. இதை நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதனால் அவனை மன்னித்துவிட்டேன், பாஸ்டர். நான் மன்னித்ததை நாளைக்கு அவன் மனைவிக்கு வலிக்காமல் எப்படி மெதுவாகச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.