இலுப்பூர்ப் பொட்டலில் இரங்கூன்

விமானம் இரைகிறது.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

குப்புற விழுகிறோம். புழுதி. வாயில் மண்.

இது இரங்கூன் அல்ல. இலுப்பூருக்கு வெளியே ஒரு பொட்டல். ஆண்டு 1965. இரைச்சல் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. பர்மாவுக்குப் போனவர்களையும் திரும்பி வந்தவர்களையும் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறார்கள். அதற்கு உரை எழுதுகிறவள் நான். என் அக்கா வள்ளியம்மையை நடிக்க அழைத்து வந்தவளும் நானே.

உள்ளூர்ப் பெண்கள் மல்லாந்து வானத்தைப் பார்க்கிறார்கள்.

"களையெடுக்குறதுக்கு இது தேவலடி. படுத்துக் கெடந்தாப் போதும்."

பர்மாவிலிருந்து வந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் முகம் மண்ணில் புதைந்திருக்கிறது.

அக்காவின் கைகள் வெறும் தரையை வளைத்துக் கிடந்தன. இயக்குநர் அதைக் கவனித்தார். யாரிடமாவது ஒரு குழந்தையை வாங்கி அவளுக்கு அடியில் கிடத்தும்படி என்னிடம் சொன்னார். மறுத்திருக்கலாம். மறுக்கக் காரணம் தெரிந்தவள், அக்காவைத் தவிர, அங்கே நான் ஒருத்திதான். கிடத்தினேன்.

மறுபடியும் இரைச்சல். அக்கா முழங்கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொண்டாள். அடியில் குழந்தை அவள் தோட்டைப் பிடித்திழுத்துச் சிரித்தது.

"ஆத்தா, நல்லா அழுத்திப் படுங்க! குண்டு விழுதுல்ல!" என்று கத்தினார் இயக்குநர்.

"அழுத்தக்கூடாதுங்க. மேல வேற ஆளு வந்து விழும்."

பொட்டலே சிரித்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை.

1941 டிசம்பர் 23. இரங்கூன். முற்பகல். அபாயச் சங்கு ஊதுகிறது. அக்கா தன் மகனை மூடிக் குப்புறப் படுக்கிறாள். எனக்குப் பதினாறு வயது. பயத்தில் அவள் முதுகின்மேல் விழுகிறேன். தொலைவில் வெடியோசை. ஒன்று. இன்னொன்று. "எந்திரிடி! எந்திரி!" என்று அக்கா கத்துகிறாள். கேட்டது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஓசை அடங்கிய பிறகே இறங்கினேன்.

மகனைக் கொன்றது குண்டு என்றே அக்கா ஊராரிடம் சொன்னாள். என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் படத்துக்குக் குண்டு என்றே எழுதினேன். திரையில் அந்த வரி இன்றும் ஒலிக்கிறது. ஆகவே கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

பர்மாவில் நாங்கள் இழந்தவை. ஒரு மளிகைக் கடை. இரண்டு தையல் இயந்திரங்கள். நடந்து வந்த மலைப் பாதையில், அக்காவின் கணவர். அவருக்கு முன்பே, அவர்கள் மகன் முத்தையா. எட்டு மாதம்.

எங்கள் தெருவில் குண்டு விழவில்லை.