புகார்ப் பிரிவின் பரம்பரை வியாதி

— தலையை ஆட்டாதீங்க தம்பி, கத்தி கையில இருக்கு. இப்பக் கேளுங்க, நிஷிவாகி வீட்டைப் பத்தி என்ன தெரியணும்?

— அதாவதுக்கா, நீங்க அவங்களுக்குப் பக்கத்து வீடு. அந்தக் குடும்பத்துக்கே முடி வெட்டுறவங்க. உங்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காதுன்னு மீன் கடையில சொன்னாங்க.

— சொல்லியிருப்பா அவ. வெளியூர்க்காரர் கோட்டும் சூட்டுமா வந்து அக்கம்பக்கத்துல விசாரிச்சா எதுக்குன்னு எனக்குப் புரியாதா? அந்த வீட்டுப் பொண்ணு கனாயேவுக்கு மாத்சுயாமா பக்கம் வரன் பேசிக்கிட்டிருக்காங்க. மாப்பிள்ளை வீட்டுல துப்பு விசாரிக்க உங்களை அனுப்பியிருக்காங்க.

— அதாவது... விசாரிக்கத்தான் வந்தேன். அந்தக் குடும்பத்துல யாருக்காவது மனசு, மூளை சம்பந்தமா, பரம்பரையா ஏதாவது...

— சீச்சீ! தங்கமான குடும்பம். கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு எடுக்கலாம்.

— தாத்தா தோட்டத்து மரத்துகிட்ட பேசுவாராமே?

— அவர் பெண்சாதிக்குக் காது கேக்காது. வேற யாருகிட்ட பேசுவாரு? மரம் பதில் சொல்லுச்சுன்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்ல.

— அத்தை ஒருத்தங்க ஓயாம கை கழுவிக்கிட்டே இருப்பாங்களாம்.

— சுத்தமான குடும்பம்னு எழுதிக்கங்க. மோவாயைத் தூக்குங்க.

— சரி, தாய்மாமன்? வருஷக்கணக்கா மாடியை விட்டு எறங்கவே இல்லையாமே?

— மாடியில காத்து நல்லா வரும். நானா இருந்தாலும் எறங்கியிருக்க மாட்டேன்.

— அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். எனக்கு ஒரே ஒரு ஆள் போதும். அந்தக் குடும்பத்துல ஒரே ஒரு பைத்தியம்.

— என்னது? வரன் விசாரிக்க வந்தவர் பைத்தியம் வேணும்னு கேக்குறீங்க?

— நான் மாப்பிள்ளை வீட்டுல இருந்து வரலக்கா. ஷிங்கோ வேலை பாக்குற கம்பெனியில இருந்து வரேன். என் பேரு ஒகுமுரா. அக்கா... கத்தி.

— கத்தி அங்கேயே இருக்கட்டும். கனாயேவோட அண்ணன் ஷிங்கோ ஆஸ்பத்திரியில சுவரைப் பாத்துப் படுத்துக் கிடக்கான். உங்களுக்கு இங்க என்ன வேலை?

— அதாவது, வேலைப் பளுவாலதான் அவருக்கு மனநோய் வந்துச்சுன்னு லேபர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்காங்க. அவங்க ஒத்துக்கிட்டா, அவர் குணமாகி வர்ற வரைக்கும் வேலையை விட்டு எடுக்க முடியாது. பரம்பரைன்னு காட்டிட்டா அனுப்பிடலாம். அதான் மேலிடத்துல...

— மாமனைத் தோண்டி எடுத்துட்டு வான்னு அனுப்பினாங்களாக்கும்.

— எங்க கம்பெனி டாக்டர் படம் போட்டுக் காட்டினாருக்கா. மூளையில ஒரு ரசாயனம் இருக்காம். அது கொறைஞ்சா ஆள் படுத்துருவாராம். கொறையணும்னு பிறவியிலேயே இருக்காம். யார் மேலயும் தப்பில்ல. அதைக் கேட்டதும் எங்க முதலாளி கண் கலங்கிட்டாரு, அவ்வளவு நிம்மதி.

— நடுராத்திரி வரைக்கும் ஆபீஸ்ல உக்கார வச்சா அந்த ரசாயனம் ஏறுமா, எறங்குமா?

— அது படத்துல இல்லக்கா.

— அப்படி என்ன வேலைதான் குடுத்தீங்க அவனுக்கு?

— நாங்க வெந்நீர் பாய்லர் விக்கிறோம். அவருக்குப் புகார்ப் பிரிவு, ஜன்னலோர மேஜை. குளிக்கத் தண்ணி சூடாகலைன்னு நாடு முழுக்க இருந்து போன்ல திட்டுவாங்க. அவங்க திட்டி முடிக்கிற வரைக்கும் போனுக்கு முன்னால தலை குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும்.

— போன்ல யாருக்குத் தெரியப் போகுது, குனிஞ்சானா நிமிந்தானான்னு?

— மேனேஜருக்குத் தெரியும். பின்னாலயே நிப்பாரு.

— சரி, எழுதிக்கங்க. அவன் மாமனுக்கு வியாதி இருந்துச்சு. நெசமான வியாதி. அந்த வீட்டு ரத்தத்துல அது ஓடுது. இல்லைன்னு சொன்னது கனாயேவுக்காக.

— நன்றிக்கா! பெரிய உபகாரம்! இதை ரெக்கார்டு பண்ணிக்கலாமா?

— முழுசாப் பண்ணுங்க. மாத்திரை குடுத்தாங்க. மெல்ல மாடியை விட்டு எறங்குனாரு. துறைமுகத்துல மீன் ஏலக் கடையில சேந்தாரு. அந்த மொதலாளி பொழுது சாஞ்சா வீட்டுக்கு விரட்டிருவாரு. முகம் வாடியிருந்தா ரெண்டு நாள் வராதேம்பாரு. வியாதியோடயே பென்ஷன் வாங்குற வரைக்கும் அங்கதான் வேலை பாத்தாரு. இப்பவும் இந்த நாற்காலியில உக்காந்து என் ரேடியோவைக் குறை சொல்றாரு.

— அக்கா, இதை எழுதினா மேலிடத்துல...

— எழுதுங்கன்னா எழுதுங்க! ரத்தத்துல இருந்த மாமனே வேலை பாத்துப் பொழைச்சாரு. ஷிங்கோவை நான் கைக்குழந்தையில இருந்து பாக்குறேன். கத்திரி பட்டாலே கூசும் அவனுக்கு, சிரிச்சுக்கிட்டே இருப்பான். புது வருஷத்துக்கு வந்தப்போ கண்ணாடியைத் திருப்பி வைங்கன்னுட்டான், தன் முகத்தைப் பாக்க முடியலையாம். எனக்கு வயிறு எரியுது தம்பி.

— எனக்கும் வருத்தம்தான்க்கா.

— அவனுக்கு முன்னாடி அந்த மேஜையில யாரு இருந்தா?

— ஹோரியேன்னு ஒருத்தர். அவருக்கும் இதே வியாதி. அதுக்கு முன்னாடி தொகிதா. அவருக்கும். மூணு பேருக்கும் பரம்பரைதான்னு டாக்டர் உறுதியா சொல்லிட்டாரு.

— மூணும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களா?

— இல்லக்கா. வேற வேற ஊரு.

— அப்ப உங்க ஜன்னலோர மேஜைதான் அவங்களுக்கு முப்பாட்டன்.

— ரெக்கார்டை நிறுத்திடுறேன்க்கா.

— ஏன், என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது? இருங்க, சூடா ஒரு துண்டு போடுறேன். ஆமா, இப்ப அந்த மேஜையில எந்த அப்பாவி உக்காந்திருக்கான்?

— நான்தான்க்கா. நேத்து எங்க அம்மா ஊர்ல இருந்து போன் பண்ணாங்க. எங்க கம்பெனி ஆள்னு ஒருத்தர் வந்து, எங்க தெருவுல வீடு வீடா ஏறி, செத்துப்போன எங்க சித்தப்பாவைப் பத்தி விசாரிச்சுட்டுப் போனாராம்.