சிவப்பு நூல், வெள்ளை நூல்

– எழுந்திரிக்கிறேன். பல் தேய்க்கிறேன். டீ போட்டுக் குடிக்கிறேன். குளிக்கிறேன். துணி துவைச்சுக் காயப் போடுறேன். அப்புறம் உக்காந்திருக்கேன். அவ்வளவுதான் மாமா.

– இத்தனையும் சொன்னீங்க, மூஞ்சியை விட்டுட்டீங்களே.

– மூஞ்சிக்கு என்ன.

– கண்ணாடி உங்க முன்னாடிதான் இருக்கு மாப்ளே. எம் பொண்ணு பாப்பா இருந்திருந்தா வாசல்லயே நிறுத்தி, யார் வேணும்னு கேட்டிருப்பா.

– ம்.

– நான் பஸ் ஓட்டுனவன். வண்டியை ஷெட்டுலயே போட்டு வச்சா பேட்டரி உக்காந்துடும். உங்க சூப்பர்வைசர் நேத்து எனக்கே போன் பண்ணிட்டார்.

– என்ன சொன்னார்?

– இன்னிக்கு வரலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்களாம். தன் கையில ஒண்ணும் இல்லைன்னு வருத்தப்பட்டார். தாடியோட வந்தாலும் கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்களாமே, அது என்ன கணக்கு?

– மாஸ்க் மாமா. பெயிண்ட் கம்பெனி லேப்ல முழு மாஸ்க் போட்டுத்தான் நிக்கணும். முடி இருந்தா ரப்பர் தோலோட ஒட்டாது. கெமிக்கல் காத்து உள்ள போயிடும்.

– அப்ப மழிச்சாகணும்.

– ஆமா.

– இதோ ரெண்டு ரேசர் சும்மாதானே தொங்குது. ஒண்ணுல சிவப்பு நூல், ஒண்ணுல வெள்ளை நூல். ரேசருக்கு யாரு நூல் கட்டுறா?

– அது இருக்கட்டும் மாமா.

– பிளேடு துருப்பிடிச்சிருக்கும். கழட்டிட்டுப் புதுசு போட்டுத் தரேன். இந்தத் தலையைத் திருகினா...

– கையை எடுங்க.

– எடுத்துட்டேன். எடுத்துட்டேன் மாப்ளே.

– கத்திட்டேன். தப்பா நினைக்காதீங்க.

– ஹாரன் சத்தம் கேட்டே பழகின காது இது. ஆனா என்னன்னு சொல்லுங்க.

– அது அவ வச்ச போட்டி.

– போட்டியா?

– தினம் மழிச்சுட்டு மாஸ்க் போட்டா எனக்குத் தாடை பூரா தடிச்சுப் போகும். பிளேடுதான் சரியில்லைன்னு சொன்னா. எட்டுக் கம்பெனி பிளேடு கலந்த பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வந்தா.

– பிளேடுல என்ன எட்டு. டிப்போ குழாயடியில, பஸ்ஸோட பக்கக் கண்ணாடியைப் பாத்து, ஒரே பிளேடை மாசம் பூரா இழுத்தவன் நான்.

– அதைச் சொல்லித்தான் சிரிப்பா. எங்கப்பா கன்னத்துகிட்ட உப்புத்தாள் தோத்துடும்பா.

– சொல்லுவா. சின்னதுல முத்தம் கொடுக்கப் போனா மூஞ்சியைத் திருப்பிக்குவா, கழுதை.

– கூர்மை வேற, மழமழப்பு வேறன்னு அவதான் கண்டுபிடிச்சா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சா. ஒண்ணு வாத்தியார். தடவுற மாதிரி வந்து கிள்ளும். ஒண்ணு சோம்பேறி. திரும்பத் திரும்ப இழுத்தாத்தான் வேலை செய்யும். ஒண்ணு பூனை. வந்துட்டுப் போறதே தெரியாது. ஒண்ணுக்கு அப்பா.

– அப்பான்னா?

– நீங்கதான்.

– நான் எப்படி பிளேடானேன்?

– முதல் நாள் முரட்டுத்தனமா இருக்கும், தாடையில ரத்தம் பாக்கும். அடுத்த நாள்ல இருந்து சாது ஆயிடும்னா.

– துணிக் கம்பெனியில செக்கிங்ல இருந்தவளாச்சே. தடவிப் பாத்தே இழை விட்டிருக்குன்னு சொல்லிடுவா. மேல சொல்லுங்க. போட்டி எப்படி?

– இடது கன்னத்துக்கு ஒரு ரேசர், வலது கன்னத்துக்கு ஒண்ணு. மழிச்சதும் கண்ணை மூடிட்டு ரெண்டு கையாலயும் தடவிப் பாப்பா. தோத்தது வெளிய போயிடும். ஜெயிச்சது அடுத்ததோட மோதும்.

– எது எதுன்னு தெரிஞ்சா பாரபட்சம் வந்துடுமே.

– அதுக்குத்தான் நூல். பிளேடு போடுறது அவ. எந்த நூல்ல எந்த பிளேடுன்னு அவளுக்கு மட்டும் தெரியும். எந்த நூலை எந்தக் கன்னத்துல வச்சேன்னு எனக்கு மட்டும் தெரியும். சாயங்காலம் ரெண்டையும் சேத்து வச்சுப் பாப்போம்.

– பாதி அவகிட்ட, பாதி உங்ககிட்ட.

– ஆமா.

– இப்ப இதுக்குள்ள இருக்கிறது?

– கடைசி ரெண்டு. பூனையும் அப்பாவும்.

– நான் கடைசி வரைக்கும் வந்துட்டேனா?

– வந்துட்டீங்க.

– ம். அப்புறம்?

– அன்னிக்குக் காலையில சிவப்பை இடதுல வச்சேன், வெள்ளையை வலதுல வச்சேன். வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே தடவிப் பாத்தா. இடதுதான் மழமழன்னு இருக்குன்னு சொன்னா. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ஓடினா.

– மத்தியானம்தான்...

– மத்தியானம் சாப்பிட்டுட்டு டேபிள்ல தலையைச் சாச்சிருக்கா. அசதியில தூங்குறான்னு விட்டுட்டாங்க. மூளையில ரத்தக் கசிவு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பேச்சு இல்லை.

– தெரியும் மாப்ளே. நானும் அந்தக் கட்டில் பக்கத்துலதான் நின்னேன்.

– ம்.

– அப்ப சிவப்பு ஜெயிச்சுடுச்சு.

– சிவப்பு ஜெயிச்சுது. அதுல இருக்கிறது நீங்களா பூனையான்னு தெரியாது.

– பிளேடு மேல பேரு அடிச்சிருப்பானே.

– அடிச்சிருக்கும்.

– தலையைக் கழட்டினா தெரிஞ்சிடும்.

– தெரிஞ்சிடும்.

– பின்ன என்ன மாப்ளே? கழட்டிப் பாப்போம். ஜெயிச்சதையே ஒரு பாக்கெட் வாங்கிட்டு வரேன், அதுலயே மழிச்சுட்டு வேலைக்குக் கிளம்புங்க. அவ பாடுபட்டதும் அதுக்குத்தானே.

– கழட்டக் கூடாது மாமா.

– எனக்கும் தெரியணும்ல, ஜெயிச்சேனா தோத்தேனான்னு.

– கூடாது மாமா.

– சரி. சரி, விடுங்க. வேற ரேசர் வாங்கலையா?

– வாங்கினேன். காலையில க்ரீம் தடவுறேன். தடவிட்டு நிக்கிறேன். அப்புறம் கழுவிடுறேன்.

– தினமுமா?

– தினமும்.

– அந்த ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க.

– எதுக்கு?

– பையில என் ரேசர் இருக்கு. அதுக்கு நூலும் கிடையாது, போட்டியும் கிடையாது. நானே மழிச்சு விடுறேன்.

– மாமா, நீங்க போய் எனக்கு...

– எங்கப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப நான்தான் தினம் மழிச்சேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. உக்காருங்க.

– பிளேடு?

– புதுசு போட்டாச்சு. மாசம் முடியறதுக்குள்ள ரெண்டாவது பிளேடு. பாப்பா பாத்தா அப்பா திருந்திட்டார்னு சொல்லுவா. தலையைத் தூக்குங்க. பிரஷ் இதானே? நுரை நல்லாத்தான் வருது. கன்னத்தை உப்ப வச்சுக்கோங்க. பிடுங்குதா?

– பிடுங்குது.

– பிடுங்கட்டும். கண்ணுல தண்ணி வந்தா பிளேடு மேல பழியைப் போட்டுக்கலாம்.

– ம்.

– ஆடாதீங்க, தாடைகிட்ட வளைவு. மெதுவாத்தான் எடுக்கணும். ஆங், வந்தாச்சு. இந்தப் பக்கம் திரும்புங்க.

– மாமா, அது...

– பேசாதீங்க, வெட்டிடும். நான் பேசுறேன், நீங்க கேளுங்க. உங்க அத்தை ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கா. பாப்பா கடைசியா என்ன சொன்னான்னு.

– ம்.

– காரியத்தப்ப கேட்ட எல்லார்கிட்டயும், போய்ட்டு வரேன்னு மட்டும் சொன்னா, அப்படின்னீங்க. அத்தை நம்பலை. எங்க பாப்பா என்னிக்கு மாப்ளே ஒரு வார்த்தையோட வாசலைத் தாண்டியிருக்கா? தெருமுனை போயும் திரும்பி வந்து ஏதாவது சொல்லிட்டுப் போவா. பஸ்ஸே கிளம்பினாலும் ஜன்னல் வழியா பேசுவா. இருங்க, மூக்குக்குக் கீழ மட்டும். முடிஞ்சுது. கழுவிக்கோங்க. துண்டு இந்தாங்க. எங்க காட்டுங்க, தடவிப் பாக்கட்டுமா?

– பாருங்க.

– கண்ணை மூடிட்டுத்தானே?

– ஆமா. ரெண்டு கையாலயும்.

– எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் தெரியுது மாப்ளே. எனக்கு ஏது அவ விரல்.

– கையை எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

– சரி. எடுக்கலை.

– அத்தை சொன்னது சரிதான். படி இறங்கிட்டா. திரும்பி ஏறி வந்தா.

– வந்து என்ன சொன்னா?

– ‘யாரு ஜெயிச்சான்னு சாயங்காலம் வந்து சொல்றேன். அதுக்குள்ள கழட்டிப் பாத்துடாத.’