நான் அழித்த இருநூறு மீட்டர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் அண்ணியாரே, வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் மூத்த நிலவியலாளரைக் கடமை வீரர் என்றார்கள் எனக்கு முன் பேசியவர்கள். உண்மைதான். ஆனால் உயிரோடு இருந்தபோது அவரை எப்படிக் கூப்பிட்டோம்? சிவப்புப் பென்சில்! "வந்துட்டாருப்பா, படத்தை ஒளிச்சு வை" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். பூமிக்குள் பாறை எங்கே பிளந்திருக்கிறதோ, எங்கள் நிலப்படத்தில் அங்கே சிவப்புக் கோடு போடுவார்.

ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவை கிணறு தோண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் அடைத்து வைப்பது நம் தொழில். மேலே இருக்கும் மூடுபாறை அதைக் காலமெல்லாம் பிடித்துவைக்கும் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். மூன்றாம் கிணற்றருகே இரண்டு பிளவுகள் தெரிந்தன. இடையில் இருநூறு மீட்டருக்கு அளவீடே இல்லை. அளக்காத இடத்தில் கோடு போடுவது நம் அலுவலகத்தில் வழக்கமில்லை. அவர் போட்டார், இரண்டையும் சேர்த்து.

"இது ஒரே பிளவு. மூடுபாறையை வெட்டிக்கிட்டு மேல வருது. நாம அழுத்த அழுத்த வழி விடும்" என்றார்.

"அளக்கலையே சார்" என்றேன்.

"தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?"

அந்தக் கிணற்றுக்கு அரசு அனுமதி கேட்கும் நாள் நெருங்கியது. இயக்குநர் என்னை அழைத்து, "ரெண்டு துண்டாவே இருக்கட்டும். அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பேசினாரா? இல்லை. அண்ணிக்குக் கண் அறுவை சிகிச்சை என்று அவர் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து, ரப்பரால் அழித்தது இந்தக் கை. கீழே கையெழுத்துப் போட்டதும் இதே கை. திரும்பி வந்தவர் படத்தைப் பார்த்தார். பதினெட்டு வருடம் என்னோடு சேர்ந்து சாப்பிட்டவர், மறுநாளிலிருந்து தனியாகச் சாப்பிட்டார்.

மேலே வரும் பிளவு இல்லை என்று எழுதிவிட்டோம் அல்லவா? அதனால் மூன்றாம் கிணற்றின் வால்வுக் குழிக்கு எச்சரிக்கை மணி தரப்படவில்லை, மூச்சுக்கவசமும் தரப்படவில்லை. அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனம், பள்ளம் பார்த்துத் தேங்கும். போன செவ்வாய்க்கிழமை காலை பம்ப் இயக்குபவர், பிளவு வழியே வந்த வாயு நிறைந்திருந்த அந்தக் குழியில் இறங்கி மயங்கி விழுந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர், நம் சிவப்புப் பென்சில், தெரிந்தே இறங்கினார். மயங்கியவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, "இழுங்கடா" என்றார். மறுபடி கயிறு இறங்கியபோது அதைப் பிடிக்க அவருக்குச் சுயநினைவு இல்லை.

காப்பாற்றப்பட்டவர் மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அழுதுகொண்டிருக்கிறார். நீ அழாதே தம்பி. தலைகுனிய வேண்டியவர்கள் மேடையில் இருக்கிறோம்.

அஜாக்கிரதையால் நேர்ந்த விபத்து என்று அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. நேற்று அண்ணி என்னிடம் கேட்டார்: "அவர் அவ்வளவு கவனமில்லாதவராப்பா?" இயக்குநர் என்னை ஏமாற்றினார் என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் விரும்பித்தான் ஏமாந்தேன், அண்ணி.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். நான் தொடங்கிவிட்டேன். இதோ அந்தப் படம். அவர் பென்சிலாலேயே கோட்டை மறுபடி போட்டு, அழித்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். நாளைக் காலை இது அனுமதி கொடுத்தவர்களிடம் போகும்.

ஆனால் மூன்றாம் கிணற்றில் பம்ப் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இயக்குநர் அவர்களே, நிறுத்தச் சொல்லும் உத்தரவையும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனா இதோ. நீங்கள் போடும்வரை நாங்கள் யாரும் எழுந்து போவதாக இல்லை.