சுருக்குப் பிரித்த பாவாடை

— தம்பி, பந்துப் பையைக் கீழ வெச்சிட்டு இந்த டேப்போட நுனியைப் பிடிங்க.

— என் பேன்ட் தைச்சாச்சா அண்ணி?

— நாளைக்கு.

— போன வாரமும் இதே நாளைக்குத்தான்...

— சுவத்துல உலகப் படம் இருக்கே, பாருங்க. இது நம்ம ஊரு. அதோ, அந்தத் தூரத்து ஊரு. ஒரு விமானம் நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறுது, ஆனா நேர்கோட்டுல போகுது. இன்னொண்ணு எங்கயும் நிக்காம, மேல வடக்குல பனிப் பக்கமா வில்லு மாதிரி வளைஞ்சு போகுது. அளந்தேன். வளைஞ்சதுதான் நீளம். ஆனா டிக்கெட் போடுறவர் அதுதான் சீக்கிரம் போகும்ங்கிறார்!

— அவரை நம்புங்களேன்.

— சொன்ன நேரத்தை நம்புறதா? நான் எந்தச் சட்டையைச் சொன்ன நாள்ல குடுத்திருக்கேன்? டேப் பொய் சொல்லாது.

— யாரு போறா?

— ஒரு... கஸ்டமர். வியாழக்கிழமைக்கு முந்தி போய்ச் சேரணுமாம்.

— வியாழக்கிழமை என்னவாம்?

— டேப்பைப் பிடிங்கன்னா!

— படத்துல வேண்டாம், இந்தப் பந்துல அளங்க. சாக்பீஸ் குடுங்க. மேல் பாதியில, ஒரே உயரத்துல... இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. டேப்பை வெச்சு இறுக்கி இழுங்க.

— இழுக்குறேன்... ஐயோ, மேல வழுக்கிட்டுப் போகுதே!

— விடுங்க, போகட்டும். இப்ப அளவு?

— குறைஞ்சிருச்சு! அப்ப சுவத்துல இருக்கிறது?

— சுருக்கு வெச்ச பாவாடையை இடுப்புல பிரிச்சு விரிச்சா என்ன ஆகும்?

— இடுப்பும் அடிவிளிம்பு அளவுக்கு அகண்டு... அட! உலகத்தோட உச்சியையும் இடுப்பு மாதிரி பிரிச்சுல்ல விரிச்சிருக்கான்! பனிப் பக்கம் தூரம் கம்மி, படத்துலதான் இழுத்து நீட்டியிருக்கு!

— அதேதான். பந்துல வளைஞ்சு போறதுதான் நேர்வழி.

— இத்தனை வருஷம் சுருக்கு வெச்சும் எனக்குத் தோணலியே... சரி, இறங்கி ஏறுறதுல போனா?

— சுத்தும் அதிகம், நடுவுல காத்திருப்பும் அதிகம். வியாழன் மதியம்தான் இறங்குவீங்க. அதுக்குள்ள அவளை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க.

— ...ஆபரேஷன்னு நான் சொல்லவே இல்லையே. யார் சொன்னா?

— உங்க பொண்ணுதான், அங்க ஆஸ்பத்திரியிலருந்து போன் பண்ணா. "அம்மா யார்கிட்டயும் சொல்ல மாட்டா, டேப்பும் கையுமா சுவத்தையே பாத்துட்டு நிப்பா, போய்ப் பாருங்க சித்தப்பா"ன்னா. அண்ணனால கப்பல் வேலையை விட்டு வர முடியாது, நான் வரேன். வளைஞ்சு போற விமானத்துல ரெண்டு சீட் போட்டாச்சு அண்ணி. புதன் சாயங்காலமே அவ பக்கத்துல இருப்போம்.