தம்பி செத்ததில் நட்டமில்லை

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய ஒரு அம்மா, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னார்: "தம்பி செத்ததில எனக்கு நட்டமில்லையாம்."

"ஆர் சொன்னது, அக்கா?"

"லோயர். ரோட்டால போனவன்ர தலையில, புதுசாக் கட்டுற ஃபிளட்ஸ் மாடியில இருந்து பலகை விழுந்து செத்தவன். நட்டஈட்டு வழக்குப் போடப் போனனான். மனுசி, பிள்ளையள், அவன்ர உழைப்பில இருந்த தாய் தகப்பன், அவைதான் போடலாமாம். அவன் கலியாணம் கட்டேல்லை. தாய் தகப்பனும் இல்லை."

"நீங்கள் கூடப்பிறந்தனீங்கள்தானே?"

"அதுக்கு லோயர் கேக்கிறார், அவனோ உங்களுக்குச் சாப்பாடு போட்டவன் எண்டு. நான்தான், பிள்ளை, அவனுக்குப் போட்டனான். வருத்தக்காரன், மருந்தோட இருந்தவன், உழைக்கேல்லை. அவன் எனக்குப் போட்டிருந்தா வாதாடிப் பாக்கலாமாம்."

நல்ல சட்டம். சோறு போட்டவளுக்கு ஒன்றும் போகவில்லையாம்.

"காசுக்குப் போகேல்லை, பிள்ளை. கோட்டில அவன்ர பேரை ஒருக்காச் சத்தமா வாசிப்பினம்தானே. அந்தக் கட்டடக்காரன் எழும்பி நிண்டு கேக்கவேணும் எண்டு நினைச்சன்."

"ம்," என்ற மற்றவள் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

அந்த அம்மா கொட்டாஞ்சேனையில் தனியாக இறங்கிப் போனார். தம்பியின் பெயர் என்ன என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.